0.8 மி.மீ. தகடு

"வெல்டிங்கை விடாம இழுத்தா தகட்டுல ஓட்டைதான்ணே!"

ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு டிங்கரிங் தம்பி சொன்னார். துருவேறிய கார் கதவின் அடியை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைக்கிறார். கார்பன் டை ஆக்சைடு வாயுவின் காவலில் கம்பியை உருக்கி ஒட்டும் சிஓடூ வெல்டிங், 0.6 மி.மீ. கம்பி.

இங்கே ஒரு பொட்டு. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. அப்புறம் எதிர்முனை. பொட்டின் சிவப்பு அடங்கிக் கறுத்த பிறகுதான் அதன் பக்கத்தில் அடுத்தது.

தகட்டுக்குப் பின்னால் செம்புப் பட்டை முட்டுக் கொடுத்திருந்தார்.

இரும்பு உருகச் சுமார் 1,500 டிகிரி வேண்டும். செம்பு 1,085-லேயே உருகிவிடும். ஆனாலும் செம்புதான் காவல்! வாங்கிய சூட்டை நிற்கவிடாமல் பரப்பிவிடுவதால் அதுவும் உருகாது, உருகிய இரும்பும் அதில் ஒட்டாது.

கார்க்காரர் முனகினார்: "பாதி நேரம் சும்மாதானப்பா நிக்கற?"

கூலி பேசும்போது நாம் எல்லாருமே இப்படித்தான். கை ஓடினால்தான் வேலை. சூட்டில் தகடு நெளியாமல் தப்பிப்பதே அந்தச் 'சும்மா' நேரத்தில்தான் என்று அவருக்கு யார் சொல்வது?

நெளிந்திருந்தால் பள்ளம் நிரப்பும் பட்டிக்கும் பெயின்டுக்கும் அவரேதான் அழ வேண்டும்.