கற்பூரம் இல்லாத ஆயுத பூஜை

செப்டம்பர் 29, 2025, திங்கள்

ஆபீஸ் முடிந்து நேராகக் கோவை ஆவாரம்பாளையத்தில் இருக்கும் அப்பாவின் பட்டறைக்குப் போனேன். அப்பா இரும்பைக் கடையும் லேத்துக்கு மேல் குனிந்து டீசல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய பல் பிரஷ் ஒன்றால், இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் இடுக்கையெல்லாம் தேய்த்து, சிக்கியிருந்த இரும்புச் சுருளைக் குறடால் இழுத்துப் போட்டார். 74 வயதில் இந்த வேலையை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டார்.

அப்பா கருப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. ஆனால் என்னைக் கூப்பிடுவது 'சாமி' என்றுதான். கொங்கு வாய் கொள்கைக்கெல்லாம் கட்டுப்படாது.

செப்டம்பர் 30

ஆபீஸில் ஆயுத பூஜை, ஒரு நாள் முன்னதாகவே. கோலப் போட்டி, செல்ஃபி. லேப்டாப்பில் குங்குமம் வைக்காதீர்கள், கீபோர்டுக்குள் போய்விடும், ஸ்டிக்கர் பொட்டு போதும் என்று மெயில் வந்திருந்தது. தீபாராதனை நடக்கும்போது மூன்று பேர் காதில் ஹெட்செட், நானும் அதில் ஒருத்தி. தீர்த்து மூடாமல் கிடந்த ஒரு புகார் டிக்கெட். யாருடைய எந்தப் பிரச்சினை என்று இப்போது யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரின் புத்தகத்தை எடுத்தேன். 1904-05-ல் அவர் எழுதியது சுருக்கமாக இதுதான். கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி கால்வினைப் பின்பற்றியவர்களுக்கு, யாருக்கு மோட்சம் என்பதைக் கடவுள் முன்பே முடிவு செய்துவிட்டார். அது யாருக்கும் தெரியாது. அந்தப் பயத்திலேயே ஒழுங்காக, ஓயாமல் உழைத்தார்கள். தொழில் செழித்தால் தன் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. பிறகு பக்தி வற்றிவிட்டது, உழைக்கும் கட்டாயம் மட்டும் எஃகுக் கூடாக நின்றுவிட்டது. அவர் பேசிய ஐரோப்பா வேறு. எங்கள் சரவணம்பட்டியில் கால்வின் யாரென்று கேட்டால் டி-ஷர்ட் கடை என்பார்கள். கூடு மட்டும் எப்படியோ இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது.

அக்டோபர் 1

பட்டறையில் கற்பூரம் இல்லை, பூசணிக்காய் இல்லை. பொரி, கடலை, ஸ்வீட் பெட்டி, கவரில் போனஸ். 30 வருஷமாக அப்பாவோடு பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் மட்டும், அப்பா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, சக்கில் மூன்று சொட்டு சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, "சொல்லீராதீங்க அம்மணி" என்றார். அப்பா வந்து பார்த்தார். பார்க்காத மாதிரி பொரியை அள்ளினார். இது வருஷா வருஷம் நடக்கும் நாடகமாம்.

பூஜையே செய்யாத நாட்டுக்காரன் இயந்திரத்தைக் கண்டுபிடித்தான், பூஜை செய்கிற நீ என்ன கண்டுபிடித்தாய் என்று 'குடி அரசு' பத்திரிகைக் காலத்திலேயே பெரியார் கேட்டது அப்பாவுக்கு மனப்பாடம். கூடவே ஒரு கதையும் சொன்னார். 1968-ல், அண்ணா முதல்வராக இருந்தபோது, அரசு அலுவலகங்களில் சாமி படங்களை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தாத்தா அப்போது குமாஸ்தா. ஆபீஸ் சரஸ்வதி படத்தை வேட்டியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். 17 வயது அப்பா அதற்காக அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. படம் இன்னும் பரணில் இருக்கிறதாம். கண்ணாடி மட்டும் உடைந்துவிட்டதாம். தூக்கிப் போடவில்லையா என்று கேட்டேன். "எங்கப்பன் கொண்டாந்ததாச்சே" என்றார்.

அக்டோபர் 2

விஜயதசமி. மறுபடி லேத்து ஓட ஆரம்பிக்கும் நாள். ஒரே ஒரு பம்பு ஷாஃப்டைக் கடைந்து மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார். 20 மைக்ரான் குறைச்சல். இப்போது பெரிய வசனம் ஏதோ வரப்போகிறது, டைரிக்கு ஆச்சு என்று நான் காத்திருந்தேன். அவர் அதை நல்ல ட்ரேயிலேயே போட்டார்.

"ஏனுங்ப்பா, சைஸ் குறையுதே?"

"பம்புக்கு இது போதும் சாமி. ராக்கெட்டுக்கா போகுது?"

சரி, சாமி இல்லாமல் 50 வருஷம் எதுக்காக இப்படி உழைத்தீர்கள் என்று நேராகவே கேட்டேன். "முதல்ல லேத்துக் கடன். அப்புறம் உன் ஃபீஸு. அப்புறம்..." என்றவர் முடிக்கவில்லை. மோட்டார் சத்தத்தில் ஏதோ வித்தியாசம், பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கப் போய்விட்டார். வேபரை அவரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றிருந்தேன், சொல்லவில்லை. கடன் முடிந்து 20 வருஷம் இருக்கும், என் ஃபீஸும் எப்போதோ முடிந்துவிட்டது. மூன்றாவது 'அப்புறம்' என்ன என்பது அவருக்கே தெரியுமா என்று சந்தேகமாக இருக்கிறது. எனக்கு ஹவுசிங் லோன் இருக்கிறது, பையனின் ஃபீஸ் இருக்கிறது. மூன்றாவது இடம் காலி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். சக் சுற்றியபோது சந்தனமும் குங்குமமும் தெறித்து, நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு.

"ஏனுங்க, கல்யாணத்தன்னிக்குக்கூட வெக்க மாட்டேன்னீங்க!"

அப்பா தோளில் கிடந்த டீசல் துணியால் துடைத்தார். அது புருவம் வரைக்கும் இழுவிவிட்டது.