நான்கு ஆண்டு நின்ற குட்டி யானை மீண்டும் மேடேறியது: இன்ஜினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

நீண்ட காலம் ஓடாமல் நின்ற டாடா ஏஸ் வண்டியில் இழுவை குறைந்திருந்தால், பட்டறைகளில் பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது இன்ஜினைப் பிரித்து ரீபோர் போட (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து புதிய பிஸ்டன், ரிங் மாட்ட) வேண்டும் என்பதுதான். அதை நம்பியிருந்தால் எங்கள் வீட்டு வண்டியின் இன்றைய சந்தை விலையில் பெரும்பகுதியை நான் அதற்கே கொடுத்திருப்பேன். கடைசியில் பழுது இருந்த இடங்களோ டீசல் டேங்கின் அடிப்பகுதி, ஒரு சாண் நீள ரப்பர் குழாய், டீசலை இன்ஜினுக்குள் தெளிக்கும் ஒரு நாசில், காற்று உறிஞ்சும் குழாய், பின்சக்கர பிரேக் ஆகியவை. இன்ஜினின் உள்ளே கைவைக்க வேண்டிய தேவையே வரவில்லை. இடையில் டீசல் பம்ப் பழுதுபார்க்கும் ஒரு கடையில் பட்ட அவதியை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

வண்டி என் மாமாவுடையது, 2011ஆம் ஆண்டு மாடல். நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் பூ ஏற்றவும், சிறுமலையிலிருந்து வாழைத்தார் இறக்கவும் ஓடியது. 2020 ஊரடங்கில் தகரக் கொட்டகைக்குள் விட்டவர், அதன்பின் உடல்நலம் இடம் கொடுக்காததால் அதை எடுக்கவே இல்லை. 2024இல் நான் கேட்டபோது, ஓட்டிக்கொள் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

புதிய பேட்டரி, புதிய ஆயில், கூலன்ட், டீசல் பில்டர், ஏர் பில்டர், டைமிங் பெல்ட் ஆகியவற்றை மாற்றியதும் வண்டி அதிகம் அடம்பிடிக்காமல் ஸ்டார்ட் ஆகிவிட்டது. டைமிங் பெல்ட்டை மட்டும், பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், மாற்றாமல் விட வேண்டாம். ரப்பர் ஓடாமல் நின்றாலும் கிழடாகும், ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் வளைந்து உண்மையாகவே இன்ஜின் வேலை வந்துவிடும். டயர்களுக்கும் இதே கதிதான். பட்டன் (டயரின் மேற்புற வரிகள்) எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதைவிட, பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு.

காப்பீட்டைச் சர்வேயர் வந்து பார்த்துப் புதுப்பித்த பிறகு, எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலைக்காகத் திண்டுக்கல்லுக்கு எடுத்துப் போகும் வழியில்தான் வண்டியின் உண்மை நிலை தெரிந்தது. காலையில் வெள்ளைப் புகை, சூடேறியதும் சமதளத்தில் ஒப்புக்கொள்ளத்தக்க ஓட்டம், ரயில்வே மேம்பாலத்தில் ஏறத் தொடங்கியதும் வேகம் சரிந்து, பாரமே இல்லாமல் முதல் கியருக்கு இறங்க வேண்டிய நிலை. ஓரமாக நிறுத்திச் சிறிது நேரம் கழித்து எடுத்தால் ஒரு கிலோமீட்டர் தூரம் நன்றாக இழுத்துவிட்டு மறுபடியும் படுத்துவிடும். நிறுத்தி எடுத்தால் சரியாகிறது என்ற இந்தக் குறிப்பை நான் ஒவ்வொரு பட்டறையிலும் தவறாமல் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டவர் கடைசியாக வந்த மெக்கானிக் ஒருவர்தான்.

முதல் பட்டறைக்காரர் வெள்ளைப் புகையைப் பார்த்த மாத்திரத்தில், “அண்ணே, ரிங் போயிருச்சு, ரீபோர் போட்டாத்தான் வண்டி இழுக்கும்” என்று முடித்துவிட்டார். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, இந்த வண்டிக்கெல்லாம் அது தேவையில்லை என்றார். வெள்ளைப் புகை என்பது பெரும்பாலும் எரியாமல் வெளியேறும் டீசல். ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால் புகை நீலம் கலந்து வரும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தேன். ரிங் உண்மையிலேயே போயிருந்தால் அங்கிருந்து புகை குப்குப்பென்று தள்ளும். எங்கள் வண்டியில் மூச்சு மாதிரி லேசாக வந்ததே தவிரத் தள்ளவில்லை. பின்னர் வேறொரு பட்டறையில், குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாகக் கேஜ் வைத்துப் பார்த்தபோது இரண்டு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. ரீபோர் பேச்சு அத்துடன் முடிந்தது. கழற்றிய ஹீட்டர் பிளக்குகளில் ஒன்று செத்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

இந்த இன்ஜினைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். 2005இல் டாடா ஏஸ் வந்தபோது அதில் வைத்தது, இண்டிகா காரின் 1405 சிசி நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பாதியாக்கியது போன்ற 702 சிசி, இரண்டு சிலிண்டர் இன்ஜின். திறன் 16 குதிரைத்திறன்தான். நான்கு சிலிண்டர் வண்டியில் ஒரு நாசில் சொதப்பினால் கால்பங்கு போகும், இதில் பாதி போய்விடும். பிரேக் சற்றே உரசினாலும், காற்று சற்றே குறைந்தாலும், பெரிய வண்டியில் உணரவே முடியாத அந்த இழப்பு இதில் ஒரு முழுக் கியராகத் தெரியும். ஆகவே ஒரே ஒரு பெரிய பழுதைத் தேடுவதைக் காட்டிலும், சின்னச் சின்ன இழப்புகளைக் கூட்டிப் பார்ப்பதே இந்த வண்டிக்குப் பொருந்தும்.

இனி அந்தப் பம்ப் கடைக்கு வருகிறேன். இழுவை இல்லை என்றால் நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்தான் என்று பலரும் சொன்னதால், பம்ப்பையும் நாசில்களையும் கழற்றிக் காலிபரேஷனுக்கு, அதாவது டீசல் அளவைச் சரிபார்த்துத் திருத்த, கொடுத்தேன். நாளை, மறுநாள் என்று இழுத்தடித்து, ஒருமுறை கடையே பூட்டியிருக்கத் திரும்பி வந்து, கடைசியில் கையில் கிடைத்தபோது டெஸ்ட் பெஞ்ச் அளவுகள் எழுதிய தாளைக் கேட்டேன். அப்படியெல்லாம் தருவதில்லை, ஓட்டிப் பாருங்கள் என்றார்கள். மாட்டி ஓட்டினால் மேம்பாலத்தில் பழைய கதைதான், கூடுதலாக ஆக்சிலேட்டரை மிதித்ததும் கரும்புகை வேறு. திரும்பப் போய்க் கேட்டதற்கு, பம்ப் புதிது போல இருக்கிறது, இனி இன்ஜினில்தான் பார்க்க வேண்டும் என்ற பதில் வந்தது.

இந்த நிலையில் புகைப் பரிசோதனைக்குப் போனது வீண் அலைச்சலானது. பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிகளுக்குப் புகையின் அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரை அனுமதி உண்டு; பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு 50. எங்கள் வண்டி முதல் வகை என்பதால் தாராளமான வரம்புதான், அதையும் தாண்டிவிட்டது. சான்று கிடைக்கவில்லை. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும், புகைச் சான்று இல்லாமல் அந்த வரிசையில் நிற்பதில் பொருளில்லை.

பம்ப்பைக் கடையில் கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தது அப்போது உதவியது. டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் திருகின் மேல் இருந்த சீல், படத்தில் முழுதாக இருந்தது. திரும்பி வந்த பம்ப்பில் அது உடைக்கப்பட்டுத் திருகு உள்ளே தள்ளப்பட்டிருந்தது. அதாவது, காலிபரேஷன் என்ற பெயரில் டீசலைக் கூட்டி வைத்து அனுப்பியிருக்கிறார்கள். படத்தைக் காட்டியதும் கடைக்காரர் குரல் இறங்கிவிட்டது. கூலியில் பாதியைத் திருப்பித் தந்தார். டெஸ்ட் தாள் தருவார்களா என்பதைப் பம்ப்பைக் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. மழுப்பினால் அந்தக் கடை வேண்டாம்.

உண்மையான பழுதைக் கண்டுபிடித்தவர், வத்தலகுண்டு சாலையில் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். நிறுத்தி எடுத்தால் சற்று நேரம் நன்றாக ஓடுகிறது என்று நான் சொன்னதுமே, “தம்பி, அது டேங்க்ல இருக்கற அழுக்கு” என்றார். ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை ஊற்றி, கேபினுக்குப் பின்னால் உயரக் கட்டி, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டுக் கேனிலிருந்து நேராகப் பில்டருக்கு ஒரு குழாய் கொடுத்து, குழாயில் சிக்கிய காற்றை எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னார். மேம்பாலத்தை இரண்டாம் கியரில் ஏறியது. பழுது டேங்குக்கும் பில்டருக்கும் இடையில் இருக்கிறது என்பது அத்துடன் உறுதியானது. இந்தச் சோதனைக்குச் செலவு, குழாயும் கேனில் ஊற்றிய டீசலும்தான்.

டேங்கை இறக்கிப் பார்த்தபோது அடியில் தண்ணீரும் அதன்மேல் கருஞ்சேறு போல வழுவழுப்பான படலமும் இருந்தன. பாதி காலியாக நிற்கும் டேங்கில் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராக அடியில் தங்கும்; தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் நுண்ணுயிர்கள் பெருகி இப்படிக் கழிவாகும். ஐடிலில் ஓடும்போது டீசல் கொஞ்சம் போதும் என்பதால் தொந்தரவில்லை. மேட்டில் அதிகம் இழுக்கும்போது அந்தச் சேறு உறிஞ்சு குழாயின் வடிகட்டியில் போய் அப்பிக்கொள்கிறது. நிறுத்தியதும் உதிர்ந்து கீழே விழுகிறது. பில்டரை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது, ஏனெனில் அடைப்பு பில்டருக்கு முன்பே இருக்கிறது. டேங்க் வாங்கும் 30 லிட்டரை முழுதாக நிரப்பி நிறுத்தியிருந்தால் இவ்வளவு தண்ணீர் சேர்ந்திராது.

டேங்கைக் கழுவி மாட்டிய பிறகும் பாதிதான் சரியானது. பில்டருக்கு முன்னால் ஒரு துண்டு ஒளிபுகும் குழாயை இணைத்து இன்ஜினை ஓடவிட்டார் அந்தப் பெரியவர். டீசலோடு சிறுசிறு குமிழ்கள் ஓடிக்கொண்டிருந்தன. டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருவதால், அந்த வழியில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே கசிவதைவிடக் காற்று உள்ளே போவதே அதிகம். ஈரம் தென்படவில்லை என்பதால் யாரும் அந்த ரப்பர் குழாயைச் சந்தேகிக்கவில்லை. கிளிப்புக்கு அடியில் கல் போல இறுகி, மயிரிழை வெடிப்புடன் இருந்தது. குழாயையும் கிளிப்புகளையும் மாற்றியதும் குமிழ் நின்றது.

அடுத்து நாசில். ஓடும் இன்ஜினில் நாசில் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தினால், நல்ல சிலிண்டரில் ஓட்டம் உடனே தடுமாறும். இரண்டாவது சிலிண்டரைத் தளர்த்தியபோது அவ்வளவாக மாறவில்லை. இதைச் செய்யும்போது கண்ணாடி அணிந்து, தடித்த துணி சுற்றி, கையை விலக்கியே வைத்திருக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நாசிலை மாற்றி, பம்ப்பை வேறு கடையில் முறையாக அளந்து தாளுடன் வாங்கி மாட்டினோம்; செத்திருந்த ஹீட்டர் பிளக்கையும் மாற்றியதும் காலைப் புகை மறைந்தது.

கரும்புகை மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஏர் பில்டரை முன்பே மாற்றிவிட்டோம் என்பதால் அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை, ஆனால் பில்டர் பெட்டிக்கு முன்னால் காற்று நுழையும் குழாயில் எலி கூடு கட்டியிருந்தது. தேங்காய் நார், சாக்குப் பிசிறு, வேர்க்கடலைத் தோல் என்று வந்துகொண்டே இருந்தது. சைலன்சர் முனையிலும் குளவி கட்டிய மண் கூடு ஒட்டியிருந்தது. கம்பியால் குத்தியதும் உதிர்ந்துவிட்டது.

பிரேக்கைக் கண்டுபிடித்தது கையால்தான். சமதளத்தில் ஓட்டி, பிரேக்கை மிதிக்காமல் தானாக நிற்கவிட்டு, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோனால், உரசும் சக்கரத்தின் சூடு தொடாமலேயே தெரியும். எங்கள் வண்டியில் வலப்பக்கப் பின்சக்கரம். ஹேண்ட் பிரேக் போட்டபடியே நான்கு ஆண்டு நின்றதால் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து பிரேக் ஷூவை விடவில்லை. அந்த ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரும் இறுகியிருந்தது. இரண்டையும் மாற்றிய பிறகு வண்டியை ஒருவராகவே தள்ள முடிந்தது. நீண்ட நாள் நிறுத்துபவர்கள் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுவது நலம்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே புகைப் பரிசோதனைக்குப் போங்கள். குளிர்ந்த இன்ஜின் வீணாகக் கூடுதல் அளவைக் காட்டும். இம்முறை வரம்புக்கு வெகு கீழே வந்து சான்று கிடைத்தது, எஃப்.சி.யும் சிக்கலின்றி முடிந்தது.

அதற்குப் பிறகுதான் சிறுமலைக்கு எடுத்துப் போனேன். ஏறும்போது காலி, கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் முதல் கியர், மற்ற இடங்களில் இரண்டாம் கியர்; பதினெட்டு வளைவுகளிலும் எங்கும் நிறுத்தவில்லை, கூலன்ட் சூடும் ஏறவில்லை. இறங்கும்போது வாழைத்தார் ஏற்றிக்கொண்டேன். டேங்கின் மூலைகளில் எஞ்சிய அழுக்கு சில நூறு கிலோமீட்டர்களுக்குள் கிளம்பி வந்து புதிய பில்டரையும் கறுப்பாக்கியது. ஆகவே டேங்க் கழுவிய வண்டியில் ஒரு டீசல் பில்டரும், அதைக் கழற்றும் ஸ்பேனரும், காற்று எடுக்கும்போது பிடிக்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் சீட்டுக்கடியில் இருக்கட்டும்.