எத்தனை வீட்டில் இன்னும் செய்கிறார்கள்?

கேவிகேயில் மனையியல் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் போதும், எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, இண்டர்வியூவுல என்ன கேட்பாங்க?" என்று குலசேகரத்திலிருந்து ஒரு தங்கை, தக்கலையிலிருந்து இன்னொருத்தி. ஒவ்வொருவரிடமும் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன்.

கேவிகே என்றால் வேளாண் அறிவியல் நிலையம். நாட்டிலேயே முதலாவது 1974இல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் திருப்பதிசாரத்தில் இருப்பதும் அதே பல்கலைக்கழகத்தினுடையதுதான். சில மாவட்டங்களில் தன்னார்வ நிறுவனங்களும் நடத்துகின்றன. ஒரு நிலையத்துக்கு மொத்தம் 16 பணியிடங்கள், அதில் ஆறு பேர் எஸ்எம்எஸ் என்று நாங்கள் சொல்லும் துறை வல்லுநர்கள். பெரும்பாலும் அதில் ஒருவர் மனையியல் படித்தவர். விவசாயி, பண்ணை மகளிர், கிராமத்து இளைஞர், அங்கன்வாடிப் பணியாளர் என்று எல்லோருக்கும் அவர் பயிற்சி கொடுக்க வேண்டும். ஊட்டச்சத்து, பழம் கிழங்கு பதப்படுத்துதல், வீட்டுத் தோட்டம் எல்லாம் அவர் தலையில்தான். முதுநிலைப் பட்டம் கட்டாயம். நிரந்தர இடம் கிடைத்தால் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்கும்.

நான் மதுரையில் மனையியல் படித்தேன். இப்போது அந்தப் படிப்புக்குச் சமுதாய அறிவியல் என்று பெயர். முடித்ததும் ஒரு பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் திட்டத்தில், அதாவது அங்கே தெரிந்ததை ஊர் மக்களுக்குக் கொண்டுசேர்க்கும் திட்டத்தில், ஒப்பந்த வேலை. திருவட்டாறு, மேல்புறம் வட்டாரங்களில் சுயஉதவிக் குழுக்களுக்கு, ஏத்தங்காயை (நேந்திரங்காய்) உலர்த்திப் பொடி செய்வது போன்றவற்றில் பயிற்சி. மூன்று வருஷத்தில் 412 பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆஜர்ப் பட்டியல், போட்டோ எல்லாம் பத்திரமாக வைத்திருந்தேன்.

கேவிகே வேலைக்கான முதல் இண்டர்வியூவில் அந்த எண்ணைத்தான் பெருமையாகச் சொன்னேன். இண்டர்வியூ எடுத்த குழுவில் ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் கேட்டார்: "சரி, அதுல எத்தனை வீட்டுல இன்னும் செய்யறாங்க?"

என்னிடம் பதில் இல்லை. அது மட்டுமல்ல, என் அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இல்லாததால் அந்த மூன்று வருஷத்துக்கும் மதிப்பெண்ணே கிடைக்கவில்லை. திருத்தி வாங்க அதே அலுவலகத்துக்கு ஐந்து முறை நடந்தேன். தங்கைகளே, வேலையை விட்டு வரும் அன்றைக்கே சான்றிதழில் இரண்டு தேதி, பதவியின் பெயர், வேலையின் தன்மை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு போனால் கையெழுத்துப் போட்ட அதிகாரி மாறியிருப்பார்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த அம்மாவின் கேள்விதான். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, நான் பயிற்சி கொடுத்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். திட்டம் முடிந்துவிட்டதால் பஸ் காசு என் கையிலிருந்துதான். 38 வீடு பார்த்தேன். குழந்தைகளுக்குக் கொடுக்கிற ஏத்தங்காய்ப் பொடியை 11 வீட்டில் செய்துகொண்டிருந்தார்கள்.

மற்ற வீடுகளில் ஏன் விட்டார்கள் என்பதை ஒரு அம்மச்சி விளங்கவைத்தார். நான் சொன்னபடியே தோல் சீவி, மெல்லிசாக அரிந்து, கறுக்காமல் இருக்க மோரில் முக்கி, முறத்தில் உணங்க, அதாவது காயப் பரப்பியிருக்கிறார். மூன்றாம் நாள் துண்டுகளின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூசணம். அவ்வளவையும் கொட்டியிருக்கிறார்.

"மக்களே, ஆனிச் சாரல்ல காய் எப்படி உணங்கும்? நீ வந்து சொல்லித் தந்தது ஆனியில இல்லியா?"

பாடம் சரி, காலம் தப்பு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கொட்டுகிற மாவட்டம் இது. வெயிலை நம்பிச் செய்கிற எதையும் மாசி, பங்குனியில் சொல்லித்தர வேண்டும். மழைக்காலத்தில் சொல்லித்தருவதென்றால் உலர்த்தும் பெட்டிக்கு வழி செய்துவிட்டுப் பேச வேண்டும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். பயிற்சித் தேதியைத் திட்டத்தின் நிதிக்கணக்கு முடிவுசெய்ய நான் விட்டுவிட்டேன். அந்த அம்மச்சியின் ஒரு குலை ஏத்தங்காய் அதனால் வீணானது.

அந்த 11 வீட்டிலும் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது. பெரியவர்களோடு ஒரு இளம் பெண்ணோ பையனோ சேர்ந்து செய்தார்கள். அரிவதும் உணக்குவதும் அம்மா, பாக்கெட் போட்டுத் தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லி விற்பது பிள்ளை. அதன்பிறகு நான் பயிற்சிக்குக் கூப்பிடும்போது வீட்டுக்கு இரண்டு பேராக வரச் சொல்ல ஆரம்பித்தேன்.

இரண்டாவது இண்டர்வியூ வேறொரு மாவட்டத்தில். பத்து நிமிஷம் வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். பவர்பாயிண்ட் வேண்டாம் என்று முடிவுசெய்து, சரியாக உணங்கிய துண்டு ஒன்று, உணங்காத துண்டு ஒன்று கொண்டுபோனேன். இரண்டையும் ஒடித்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்று 'டக்'கென்று ஒடிந்தது, இன்னொன்று வளைந்தது. வளைகிற துண்டைப் பொடித்து டப்பாவில் அடைத்தால் பூசணம் வரும் என்று அங்கிருந்து பாடத்தைத் தொடங்கினேன். அப்புறம் நோட்டைக் கேட்டு வாங்கி, கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார்கள். அவர்கள் அதிகம் கேட்டது விட்டுவிட்ட 27 வீடுகளைப் பற்றித்தான்.

வேலை கிடைத்தது. சேர்ந்த வாரம் அம்மச்சிக்குப் போன் செய்தேன். அது மாசி மாதம்.

"இப்ப நல்ல வெயிலு மக்களே, காய் அரிஞ்சு போட்டிருக்கேன். காக்கா வருது, அப்புறமா பேசுறேன்" என்று போனை வைத்துவிட்டார்.