புக்கத்து விண்ணகரம்

ரங்கூனில் இரவு பஸ் ஏறி பகானில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. வருஷா வருஷம் பீலிக்கான் முனீஸ்வரரைப் பார்க்கத் தவறாத குடும்பம் எங்களுடையது. ஆனால் பகானின் ஆயிரக்கணக்கான பாயாக்களுக்கு, அதாவது புத்த கோயில்களுக்கு, நடுவே பெருமாள் கோயில் ஒன்றும் நிற்கிறது என்பது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பழைய கோட்டைச் சுவருக்குள், வானளாவிய தட்பின்யு புத்த கோயிலுக்கு மேற்கே ஒதுங்கி நிற்கிறது நத்லவுங் சவுங். பகானில் மிஞ்சியிருக்கும் ஒரே இந்துக் கோயில் இதுதான். வாசலிலேயே செருப்பைக் கழற்றினோம். ஒன்பது மணிக்கே செங்கல் சுட்டது. அம்மா ஏறக்குறைய ஓடித்தான் உள்ளே போனாள்.

வெளிச்சுவர் மாடங்களில் ஒருகாலத்தில் தசாவதாரம் முழுவதும் இருந்ததாம், புத்தரையும் ஓர் அவதாரமாகச் சேர்த்து. இப்போது ஏழுதான். ஒரு சிலைக்கு முகமே தேய்ந்துபோயிருந்தது. "வராகர்" என்றாள் அம்மா. "நரசிம்மர்" என்றார் அப்பா. தீர்ப்பு சொல்ல பட்டர் யாரும் அங்கே இல்லை.

அப்பா சட்டைப்பையில் ஒரு தாளை மடித்து வைத்திருந்தார். பகானில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டைக் கையால் எழுதிய பிரதி அது. முகுந்தமாலையிலிருந்து ஒரு வடமொழிச் சுலோகம், அப்புறம் தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்துக் குலசேகர நம்பி என்பவர், புக்கத்து நானாதேசி விண்ணகராழ்வார் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்று எரிய நிலைவிளக்கு ஒன்றும் வைத்ததைச் சொல்கிறது. புக்கம் என்றால் பகான். விண்ணகரம் என்றால் பெருமாள் கோயில். நானாதேசி என்பது பல தேசத்து வணிகர் கூட்டம். மகோதயர்பட்டணம் இன்றைய கேரளத்துக் கொடுங்ஙல்லூர். அந்தக் கடற்கரையிலிருந்து இந்த ஐராவதிக் கரை வரைக்கும் ஒரு விளக்கு வந்திருக்கிறது! கல்வெட்டு சொல்லும் கோயில் இதுதானா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. அப்பாவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது.

ஆனால் முன்மண்டபம் எப்போதோ இடிந்து போய்விட்டது. நிற்பது கருவறைக் கூடமும் அதன் மேல் சிகரமும்தான். கதவு இல்லை, விளக்கும் இல்லை. நடுவில் சதுரமான பெரிய செங்கல் தூண்; அதன் பக்கங்களில் பெருமாள் நின்ற கோலம், சுதை பல இடங்களில் உதிர்ந்து உள்ளே செங்கல் தெரிந்தது. வௌவால் வாடை.

அம்மா பையைத் திறந்து அகல் விளக்கு, நல்லெண்ணெய்ப் புட்டி, திரி எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். காவல்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தபடியே கையை ஆட்டினார். பழங்காலக் கட்டடம், நெருப்புக் கூடாதாம். சரி என்று அம்மா எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் போட்டாள், முகம்தான் சுண்டிவிட்டது.

இருட்டில் எழுத்துத் தெரியாமல் அப்பா என் போனை வாங்கி டார்ச்சைத் தாள்மேல் அடித்து, எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். நிலைவிளக்கு என்ற இடம் வந்ததும் அம்மா குறுக்கே சொன்னாள்:

"என்னங்க, படிச்சது போதும். அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் சாமி பக்கம் காட்டுங்க."