அஞ்சு பவுன் ஆய்வேடு

குற்றவியல் எம்.ஏ. சேர்ந்த புதிதில் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இதப் படிச்சா எஸ்.ஐ. ஆயிரலாமா?" இல்லை என்றால், "அப்ப வக்கீலா?" அதுவும் இல்லை என்றதும் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பாவமாகப் பார்ப்பார்கள். பெரியப்பா ஒருவர் "பொணம் அறுக்குற படிப்பு" என்று முடிவே கட்டிவிட்டார். அது தடய மருத்துவம், இது வேறு என்று ஒரு பொங்கலுக்கு விளக்கிப் பார்த்தேன். அடுத்த பொங்கலுக்கும் அதையே கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

உண்மையில் எனக்கும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் இருந்தது. லொம்ப்ரோசோ என்ற இத்தாலிய மருத்துவர் குற்றவாளிகளின் மண்டை ஓட்டை அளந்த கதையில் ஆரம்பித்து, குற்றச்செயலும் பழக்கத்தில் கற்றுக்கொள்வதே என்ற சதர்லண்ட் வரை வரிசையாக வரும். பரீட்சைக்குப் படித்தேன், மறந்தேன். எனக்கு நிஜமாகவே ஒட்டிக்கொண்டது கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-ல் சொன்ன ஒரு விஷயம்தான். குற்றம் நடக்க மூன்று கூடிவர வேண்டும்: செய்யத் துணிந்தவன், வாகான இலக்கு, தடுக்க ஆள் இல்லாத நேரம். அதைக் கேட்டதும் எங்கள் தெரு ஞாபகம் வந்தது. விடிகாலை அஞ்சரை, வாசல் தெளிக்கக் குனிந்திருக்கும் அம்மா, கழுத்தில் வெளியே தொங்கும் சங்கிலி, முக்குத் திரும்பும் பைக். ஆய்வேட்டுத் தலைப்பு அங்கேயே கிடைத்துவிட்டது: செயின் பறிப்பில் பாதிக்கப்பட்ட பெண்கள்.

அதற்குள் சட்டமே மாறிப்போன கதையைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் 2023-ல் சேர்ந்த செட். முதல் வருடம் முழுக்க 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தை உருப்போட்டோம். 302 கொலை, 379 திருட்டு, 392 வழிப்பறி. இரண்டாம் வருடம் தொடங்கும் நேரத்தில், 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 511 பிரிவுகள் 358 ஆயின. கொலை 103-க்குப் போனது, 420 என்று ஊரே திட்டப் பயன்படுத்தும் ஏமாற்று 318-க்குப் போனது. ஆனால் ஜூன் மாதச் சம்பவம் என்றால் பழைய சட்டம், ஜூலைச் சம்பவம் என்றால் புதியது. அதனால் இரண்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது. விடுதிச் சுவரில் ஒட்டியிருந்த என் பிரிவு அட்டவணையைக் கிழிக்க மனமில்லாமல் சிவப்புப் பேனாவில் பக்கத்திலேயே புது எண்களை எழுதி வைத்தேன். கடைசிவரை எனக்குப் பழைய எண்தான் முதலில் வாயில் வந்தது.

என் தலைப்புக்கு மட்டும் ஒரு லாபம். பழைய சட்டத்தில் 'பறிப்பு' என்று தனிக் குற்றமே கிடையாது. நான் பார்த்த பழைய எஃப்.ஐ.ஆர்.களில் பெரும்பாலும் 392 போட்டிருந்தார்கள். புதியதில் 304-ஆம் பிரிவே பறிப்புக்கென்று வந்துவிட்டது. தண்டனை மூன்று ஆண்டு வரை, 392-ஐவிடக் குறைவு. "தனிப் பேரு குடுத்துட்டு, தண்டனையக் குறைச்சிட்டாங்களா மேம்?" என்று வகுப்பில் கேட்டேன். "வழிப்பறியோட கூறு இருந்தா அந்தப் பிரிவும் போடலாம். எது பொருந்தும்னு நீதான் ஆய்வேட்டுல எழுதப் போற" என்று என் தலையிலேயே கட்டிவிட்டார் என் வழிகாட்டி.

மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பாதிக்கப்பட்டோரியல் ஆள். குற்றவியல் நூறு வருடமாகக் குற்றவாளியையே பார்த்துக்கொண்டிருந்தது, பறிகொடுத்தவர் பக்கம் திரும்பியது மெண்டல்சோன் 1947-ல் அந்தத் துறைக்குப் பெயர் வைத்ததற்குப் பிறகுதான் என்பார். தமிழ்நாட்டில் அந்தப் பக்கம் திரும்பியவர் யார் என்று கேட்டால் பேராசிரியர் கே. சொக்கலிங்கத்தைச் சொல்வார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறையை வளர்த்தெடுத்தவர், பிறகு நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்தவர். சைபர் குற்றவியல் என்று 2007-ல் ஒரு பிரிவுக்கே பெயர் வைத்த கே. ஜெய்சங்கரும் நெல்லைத் துறையில் இருந்தவர்தான். எங்கள் பக்கத்து ஆட்கள் உலக அளவில் பேசப்படுகிறார்கள் என்பது அந்த வயதில் ஒரு தெம்பு. பெரியப்பாவிடம் சொல்லவும் உதவியது. அவர் கேட்டுவிட்டு, "அவங்க எஸ்.ஐ.யா?" என்றார்.

களப்பணிக்குப் போனது கரிசல் காட்டுப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு. அனுமதிக் கடிதம் வாங்கியதில் என் தப்பே முதல் தடங்கல். கடிதத்தில் 'குற்ற வழக்குகளின் விவரங்கள் வேண்டும்' என்று மொட்டையாக எழுதியிருந்தேன். எந்த வருடம், எந்த வகை, எத்தனை வழக்கு என்று இல்லாத கடிதத்தை எந்த அலுவலகமும் தொடாது. மூன்று வாரம் அப்படியே போயிற்று. பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: துறைத் தலைவர் கையெழுத்து, படிப்புச் சான்று, ஒரு பக்க ஆய்வுச் சுருக்கம், கேள்வித்தாள் நகல் நான்கையும் ஒன்றாகப் பின் போட்டுக் கொடுங்கள். பெயர், முகவரி வெளியிட மாட்டேன் என்ற உறுதிமொழியைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

இரண்டாவது தடங்கல் கேள்வித்தாள். 42 கேள்வி தயாரித்திருந்தேன். 'கடந்த ஆறு மாதங்களில் குற்றம் குறித்த அச்சம் எனது அன்றாட நடமாட்டத்தைப் பாதித்துள்ளது: முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்தில்லை...' என்று போகும். முதல் வீட்டிலேயே அது செத்தது. அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு ஆச்சி. திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். நான் முதல் கேள்வியை வாசித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காபி ஆறுது, குடி தாயி" என்றார். மறுபடி வாசித்தேன். "எனக்கு என்ன கருத்து இருக்கு தாயி? எஞ் சங்கிலி போச்சு."

ஒப்புதல் படிவத்தை நீட்டியபோது இன்னும் மோசம். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "கையெழுத்தா? மறுபடியும் கேசுக்கு வரணுமா?" அவர் மருமகள் உள்ளேயிருந்து வந்து, "போட வேண்டாம்த்த" என்றாள். படிவத்தைப் பையில் வைத்துவிட்டு, வேறு பேச்சுப் பேசிவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் அழுகை வந்தது என்று எழுதினால் சினிமா மாதிரி இருக்கும். வரவில்லை. கோபம்தான் வந்தது, 42 கேள்வியை ஜெராக்ஸ் எடுத்த காசு போச்சே என்று.

மேடம் கேள்வித்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நீயே பதில் சொல்லு பாப்போம்" என்றார். என்னால் ஒன்பதாம் கேள்வியைத் தாண்ட முடியவில்லை. மாதிரி எண்ணிக்கை அறுபது என்று இருந்ததை 11 ஆகக் குறைத்தோம். கேள்வித்தாள் போய் உரையாடல் வந்தது. வாய்மொழி ஒப்புதல் போதும் என்று நெறிமுறைக் குழுவிடம் திரும்ப எழுதிக் கேட்டு வாங்கினோம்.

ஒரே கேள்வியோடு மறுபடி ஆச்சி வீட்டுக்குப் போனேன். "அன்னைக்கு என்ன நடந்துச்சு ஆச்சி?" ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். பைக், ஹெல்மெட், கழுத்தில் விழுந்த கீறல் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி முழுக்க, சங்கிலி கிடைத்த பிறகு நடந்த கதை.

ஆம், சங்கிலி கிடைத்துவிட்டது. பிடிபட்டவன் அதை உருக்கியிருந்தான். அஞ்சு பவுன் தாலிக்கொடி, நாற்பது கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு தங்கக் கட்டியாகக் கோர்ட்டுக்குப் போயிருந்தது. "இதுல எது எம் புருசன் கட்டினதுன்னு எப்படித் தெரியும் தாயி?" என்று கேட்டார். அதுவரை நான் படித்த எந்தக் கோட்பாட்டிலும் இதற்கு இடம் இல்லை. தாலி போன அன்றைக்கே மஞ்சள் கிழங்கை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். தாத்தா உயிரோடு, பக்கத்துக் கட்டிலில்தான் இருந்தார். "அவரு முன்னால வெறுங்கழுத்தா நிக்க முடியுமா?"

கட்டியைத் திரும்ப வாங்க மனுப் போட வேண்டும் என்பதே ஒரு வருடம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் பேசிய 11 பேரில் நகை மீட்கப்பட்டவர்கள் நாலு பேர். அந்த நாலு பேருக்கும் இதே கதை. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: படம் எடுத்து, விவரம் எழுதி, பத்திரம் வாங்கிக்கொண்டு நகையை உரியவரிடம் சீக்கிரம் கொடு, வழக்கு முடியும்வரை பூட்டி வைக்காதே என்று. குற்ற வழக்கு நடைமுறைக்கான புதிய சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா; அதன் 497-ஆம் பிரிவு நாள் கணக்கே போட்டிருக்கிறது. பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல், அதன்பின் 30 நாளில் ஒப்படைப்பு உத்தரவு. 193-ஆம் பிரிவுப்படி விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லவும் வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம் என்பது பழைய நடைமுறைச் சட்டத்திலேயே உண்டு. என் 11 பேரில் நகலைக் கையில் வைத்திருந்தது இரண்டு பேர்தான். மற்றவர்களில் சிலர், புகார் கொடுத்ததற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து பீரோவில் பத்திரப்படுத்தியிருந்தார்கள்.

ஆய்வேட்டின் மையம் அதனால் இடம் மாறியது. 'குற்ற அச்சம்' கடைசி அத்தியாயத்தில் ஒரு துணைத்தலைப்பாகச் சுருங்கியது. நகை திரும்பும் வழி மூன்று அத்தியாயம் ஆனது. வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர், "11 பேரை வைத்து என்ன பொதுமைப்படுத்த முடியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொதுமைப்படுத்தவில்லை என்றேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

2025 ஆகஸ்டில் துறையில் பாராட்டு விழா. படித்து முடித்து வெளியே வந்திருந்த எங்களையும் அழைத்திருந்தார்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கிய ஒருத்தி, நன்னடத்தை அலுவலராகப் போன அண்ணன் ஒருவர், மேடத்துக்கு ஒரு தேசியக் கருத்தரங்கில் கிடைத்த விருது என்று ஒவ்வொன்றாக வாசித்தார்கள். அதிகம் கைதட்டு வாங்கியது இருபது வருடப் பணிக்கு நடுவில் பகுதிநேரமாகப் படித்து பிஎச்.டி. முடித்த ஒரு ஏட்டையா. மேடையேறும்போது பழக்கதோஷத்தில் தலைவர் நாற்காலிக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டார். அரங்கமே எழுந்தது. மேடம் விருதைப் பற்றிப் பேசச் சொன்னால், கடிதங்களை டைப் அடித்துக் கொடுத்த அலுவலக அக்காவை மேடைக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தார். அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதுதான் அன்றைய புகைப்படங்களிலேயே நல்ல படம்.

எனக்குச் சிறந்த ஆய்வேடு என்று ஒரு கேடயம். பெயரில் ஒரு எழுத்து தப்பு. வாங்கும்போது கவனிக்கவில்லை, மிக்சரும் கேசரியும் தட்டில் வந்த பிறகுதான் பார்த்தேன். அப்பா அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். பெரியப்பாவுக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்பினார். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

அன்று சாயங்காலம் ஆச்சிக்குப் போன் போட்டேன். மருமகள்தான் எடுத்தாள். போன மாதம் கட்டி கைக்கு வந்துவிட்டது, சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வக்கீலம்மா காசு வாங்காமல் மனுப் போட்டுக் கொடுத்தார் என்றாள். ஆணைக்குழு விலாசத்தை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன், அதை அவள் நினைவு வைத்திருந்தாளா தெரியவில்லை. பின்னாலிருந்து ஆச்சி குரல் கேட்டது.

"யாரு, அந்தக் காபி குடிக்காத புள்ளையா?"

போனை வாங்கினார். பரிசு கிடைத்த விஷயத்தைச் சொன்னேன்.

"பவுனா தாயி?"

"இல்ல ஆச்சி. மரத்துல செஞ்சு, மேல பித்தளைத் தகடு வச்சது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சரி போகட்டும். யாரும் அறுத்துட்டுப் போக மாட்டான்."