புயலில் மூழ்கிய போர்வெல்லில் மறுபடி தண்ணீர் குடிக்க ஏழு வாரம்

2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் ஃபுளோரிடாவில் கரையைக் கடந்தது. அங்கிருந்து எங்கள் வீடு சுமார் 600 கிலோமீட்டர். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மேற்கு மலைப்பகுதியில், ஆஷ்வில் நகரத்துக்குக் கிழக்கே, ஸ்வானனோவா ஆற்றுக்கு மேலே இருக்கும் ஒரு ஒடுக்கமான பள்ளத்தாக்கு. மூன்று பக்கமும் மலை, ஓடையை ஒட்டி ஒரே ஒரு மண்சாலை, பதினொரு வீடுகள். கடலே இல்லாத ஊரில் புயலுக்குப் பயந்து யார் வீட்டைக் காலி செய்வார்கள்? நாங்களும் செய்யவில்லை. ஆனால் புயல் வந்து சேருவதற்கு முன்பே மழை கொட்டி மண் ஊறிப் போயிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பியூசிக் என்ற இடத்தில் மொத்தம் 30 அங்குலத்துக்கு மேல் பெய்திருந்ததாகப் பின்னால் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஓடை எங்கள் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. முதலில் பாலம் போனது. அப்புறம் கரண்ட், செல்போன். தோட்டத்துத் தாழ்வில் இருந்த போர்வெல்லின் மூடி மேல் பல மணி நேரம் செம்மண் தண்ணீர் நின்றது. ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீடு தப்பித்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கிணற்றைப் பற்றிய கவலை மறுநாள் வந்தது.

முதல் பத்து நாள் கார் ரேடியோதான் எங்களுக்கு உலகம். ப்ளூ ரிட்ஜ் பப்ளிக் ரேடியோவில் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அதிகாரிகள் பேசும்போது அக்கம்பக்கத்து வீட்டார் எல்லாரும் எங்கள் காரைச் சுற்றி நின்று கேட்போம். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே குடிநீர் தருகிறார்கள் என்று ஒருவர் காகிதத்தில் எழுதிக்கொள்வார். வண்டி ஏற முடியாத இடங்களுக்குக் கோவேறு கழுதைகள் முதுகில் இன்சுலினும் சாப்பாடும் போனது அந்த நாட்களில்தான். எங்களுக்கு வந்த குடிநீர் பாட்டில்களை ஓடைக்கு அந்தக் கரையில் இறக்கி, கயிறு கட்டி இழுத்து எடுத்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. அவருக்கு வாளி தூக்க முடியாது. கக்கூஸுக்கு ஊற்ற ஓடைத் தண்ணீரை என் கணவர் காலையும் மாலையும் அவர் வீட்டுக்குச் சுமந்தார்.

செல்போன் கொஞ்சம் உயிர் பெற்றதும் அம்மாவைக் கூப்பிட்டேன். கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் ஊர். நான் அழுது முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கிணத்துல வெள்ளத்தண்ணி பூந்துச்சா கண்ணு? பிளீச்சிங் பவுடர் போட்டீங்களா?" என்றார். எங்கள் ஊரில் வெள்ளம் வடிந்ததும் ஊராட்சி ஆள் வாளியோடு வந்து ஒவ்வொரு கிணற்றிலும் கரைத்து ஊற்றிவிட்டுப் போவார். அடிப்படை இங்கேயும் அதேதான். ஆனால் 300 அடி ஆழத்துக்கு, ஆறு அங்குலக் குழாய்க்குள், எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும்.

கரண்ட் இல்லாமல் எதையும் தொடங்க முடியவில்லை. கடன் வாங்கிய சின்ன ஜெனரேட்டர் ஃப்ரிட்ஜை ஓட்டியது, 240 வோல்ட் கேட்கும் மோட்டாரை ஓட்டவில்லை. மூன்று வாரம் கழித்துக் கரண்ட் வந்தது. முதலில் மூடியைக் கழற்றினோம். ரப்பர் வளையத்துக்கு அடியில் விரலால் வழித்தால் மாவு மாதிரி மெல்லிய சேறு. உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வெளிக்குழாயைத் திறந்துவிட்டோம். முதலில் டீ நிறம், அரை நாளில் கண்ணாடி மாதிரி தெளிவு. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் இல்லை. மேலே எத்தனை வீட்டு செப்டிக் டேங்க் உடைந்து ஓடையில் கலந்ததோ யாருக்குத் தெரியும்.

சுகாதாரத் துறை கொடுத்த தாளில் ஆழத்துக்கு எவ்வளவு பிளீச் என்று அட்டவணை இருந்தது. எங்களுக்கு ஒரு கேலனுக்குக் கொஞ்சம் மேல். வாசனை சேர்க்காத பிளீச்சாக இருக்க வேண்டும். மோட்டார் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஊற்றினோம். பிறகு மோட்டாரைப் போட்டு, ஹோஸ் குழாயைத் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே விட்டு ஒரு மணி நேரம் சுற்றவிட்டோம். வீட்டுக்குள் ஒவ்வொரு குழாயாகத் திறந்து, குளோரின் வாடை வந்ததும் மூடினோம். சுடுதண்ணீர்க் குழாயையும் மறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, மறுநாள் வாடை போகும்வரை வெளியே திறந்துவிட்டோம். அந்தத் தண்ணீர் ஓடைக்கும் போகக் கூடாது, செப்டிக் டேங்குக்கும் போகக் கூடாது. ஒன்றில் மீன் சாகும், மற்றதில் நல்ல பாக்டீரியா சாகும்.

அப்புறம் பரிசோதனை. கொடுக்கும் பாட்டிலுக்குள் சிட்டிகையளவு வெள்ளைப் பொடி இருக்கும். மிச்சமிருக்கும் குளோரினை முறிக்கத்தான் அது. அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். குழாய் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றி, குளிர்ந்த தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். பாட்டிலின் உள்பக்கமும் மூடியின் உள்பக்கமும் விரலில் படக் கூடாது. முக்கியமாக, ஆய்வகம் எந்த நாள் வாங்கும் என்று கேட்டுக்கொண்டு பிடியுங்கள். நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்த பாட்டில், சனி ஞாயிறு தாண்டியதால் வீணானது.

இரண்டாவது பாட்டிலின் முடிவு: கோலிஃபார்ம் (வெளி அழுக்கு கலந்திருக்கலாம் என்று காட்டும் பாக்டீரியா) இருக்கிறது, ஈ கோலை (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) இல்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். திரும்பவும் பிளீச், திரும்பவும் ஒரு நாள் காத்திருப்பு, திரும்பவும் பாட்டில். அதுவரை குடிக்கவும் பல் தேய்க்கவும் பாட்டில் தண்ணீர், இல்லாவிட்டால் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்த தண்ணீர். கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், டீசல் மாதிரி எதுவும் கலந்திருந்தால் போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் நடுவில் நல்ல முடிவு வந்தது. அதே வாரத்தில், 18ஆம் தேதி, ஆஷ்வில் நகரத்திலும் 53 நாளுக்குப் பிறகு குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்று அறிவித்தார்கள். எட்டு வயது மகள் மட்டும் இன்னும் ஒரு மாதம் பாட்டில் தண்ணீரில்தான் பல் தேய்த்தாள். நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை.

இன்னொன்று. வீட்டுக் கிணறு, செப்டிக் டேங்க், வேறு வழியில்லாத வீடுகளின் தனியார் பாலம், இவற்றுக்கும் அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமாவிடம் உதவி கேட்கலாம். இது எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. வெள்ளம் நின்ற மட்டத்தைச் சுவரில் படம் எடுத்து வையுங்கள், மெக்கானிக் கொடுக்கும் ரசீதை எறியாதீர்கள்.

பெரியவரின் கிணற்றுக் குழாய் தரைக்கு அடியில் விரிசல் விட்டிருந்தது. எத்தனை முறை பிளீச் போட்டாலும் கெட்ட முடிவே வந்தது. மார்ச்சில்தான் ஆள் வந்து சரிசெய்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வெளிக்குழாயிலிருந்து அவர் வீட்டுக்கு 200 அடி ஹோஸ் ஓடியது. ராத்திரி உள்ளே தண்ணீர் உறைந்து ஹோஸ் வெடிக்காமல் இருக்க, தினமும் இருட்டுவதற்கு முன் அதைக் கழற்றி, தோளில் போட்டு நடந்தே வடிப்போம். காலையில் வெயில் வந்ததும் அவர் ஜன்னல் திரையை விலக்கிக் கையசைப்பார். நான் மறுபடி மாட்டுவேன்.