நம்பரை அப்புறம் கேளு, அம்மா

அதிகாலை 2.40. போன் அலறியது. திரையில் மகளின் சர்க்கரை அளவு: 52. மிகக் குறைவு.

எழுந்து ஓடினேன். மகள் இடது பக்கமாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை. மெல்லப் புரட்டிவிட்டு விரலைக் குத்திப் பார்த்தேன். மீட்டரில் 108. சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் ஒட்டியிருப்பது இடது மேல்கையில், அதன் மேலேயே படுத்திருக்கிறாள். அப்படி அழுந்தினால் அந்த இடத்தில் திரவ ஓட்டம் குறைந்து, சர்க்கரை இறங்கிவிட்டது போல் சென்சார் காட்டும். புரண்டு படுத்த கால் மணி நேரத்தில் திரையில் இருந்த வரைபடக் கோடு தானாக மேலே வந்துவிட்டது. உண்மையான லோ, அதாவது சர்க்கரைக் குறைவு, பெரும்பாலும் சரிந்து சரிந்து இறங்கும். இது கிணற்றில் கல் விழுவது போல விழும். இப்போதெல்லாம் வரைபடத்தைப் பார்த்தாலே ஓரளவு பிடிபடுகிறது. ஆனாலும் விரலைக் குத்திப் பார்க்காமல் நான் திரும்பிப் படுத்ததில்லை.

அவளுக்கு டைப் 1, அதாவது உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது வயது ஐந்து. இப்போது ஒன்பது. முதல் ஒரு வருடம் சென்சார் கிடையாது, மீட்டரும் ஸ்ட்ரிப்பும்தான். பகலில் ஆறேழு முறை, இரவு பன்னிரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. விரல் நுனியெல்லாம் கரும்புள்ளிகள். சில மாதங்களில் பழகிவிட்டாள்; இருட்டில் நான் பக்கத்தில் உட்கார்ந்தாலே, கண்ணைத் திறக்காமல், தூக்கத்திலேயே ஒரு விரலை நீட்டுவாள். அந்த நீட்டிய விரலை என்னால் மறக்கவே முடியவில்லை. சென்சார் வந்ததும் நான் அழுததற்குக் காரணம் அதுதான்.

தோலுக்கு அடியில் முடி போன்ற ஒரு மெல்லிய இழை. அது அளப்பது ரத்தத்தை என்று பலர் நினைக்கிறார்கள். செல்களுக்கு இடையே இருக்கும் திரவத்தில் உள்ள சர்க்கரையைத்தான் அது அளக்கிறது. எங்களுடையது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு 288 ரீடிங். புளூடூத் வழியாக அவள் பையில் இருக்கும் போனுக்கு வந்து, இணையம் வழியாக என் போனுக்கும் அவள் அப்பா போனுக்கும் வருகிறது. ரத்தத்தில் நடந்தது அந்தத் திரவத்துக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். ஆக, நான் பார்ப்பது எப்போதுமே கொஞ்சம் முந்தைய நிலவரம்.

அதனால்தான் நம்பரைவிட, பக்கத்தில் சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியைப் பார்க்கச் சொல்கிறேன். 100, அம்பு ஏறாமல் இறங்காமல் பக்கவாட்டில் நேராக இருந்தால் நிம்மதியாக வேலையைப் பார்க்கலாம். அதே 100, இரண்டு அம்பு கீழே என்றால் நிமிடத்துக்கு, டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இறங்குகிறது என்று பொருள். அப்படியே போனால் கால் மணி நேரத்தில் 55. ஒரே நம்பர்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு நிலைமை.

இன்னொன்று, காய்ச்சல் சமயத்தில் தெரிந்திருக்க வேண்டியது. சில வகை சென்சார்களில் பாரசிட்டமால் கொடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து. உங்கள் சென்சாருக்கு இது பொருந்துமா என்று மருத்துவரிடம் ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் முகம் ஒன்று சொல்லி நம்பர் வேறு சொன்னால் விரலைக் குத்திப் பாருங்கள். மீட்டர் இன்னும் அவள் பையில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1999இல் அனுமதி பெற்ற முதல் தொடர் அளவீட்டுக் கருவியில், போட்டிருப்பவருக்கே நம்பர் தெரியாது. மூன்று நாள் போட்டுக்கொண்டு, பிறகு மருத்துவரிடம் போய்த்தான் பதிவைப் பார்க்க வேண்டும். 2013இல் ஜான் காஸ்டிக் என்ற மென்பொருள் பொறியாளர், நான்கு வயதில் டைப் 1 வந்த தன் மகனின் அளவை வேலையிடத்திலிருந்தே பார்ப்பதற்காக, தானே நிரல் எழுதிச் சென்சார் தரவை இணையத்துக்கு அனுப்பினார். அதைச் சுற்றிப் பிற பெற்றோரும் சேர்ந்து உருவாக்கியதுதான் நைட்ஸ்கவுட் என்ற இலவச, திறந்த மூல மென்பொருள். 'நாங்கள் காத்திருக்கப் போவதில்லை' என்பது அவர்கள் முழக்கம். என் கையில் இருக்கும் வசதிக்குப் பின்னால், பள்ளிக்குப் போன பிள்ளையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அப்பா இருக்கிறார். அவரை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

அவள் அளவு என் போனில் தெரிய ஆரம்பித்த முதல் வாரம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் பார்த்தேன். ஆசிரியைக்கு ஒரே நாளில் மூன்று முறை போன் செய்தேன். ஒரு மத்தியானம் ரீடிங் நின்றுவிட்டது. பத்து நிமிடம், இருபது, நாற்பது. கடைசியாக வந்தது 86, அம்பு சாய்வாகக் கீழே. என்னென்னவோ தோன்றியது. வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். அவள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். பை வகுப்பறையில். எங்கள் சென்சாரின் புளூடூத் ஆறேழு மீட்டருக்கு மேல் எட்டாது, அவ்வளவுதான் விஷயம். வேலி ஓரத்தில் என்னைப் பார்த்ததும் ஓட்டம் நின்றது. தோழிகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் வாடிவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வந்ததும், பையைக்கூட இறக்கவில்லை, "ரெண்டு மணிக்கு எப்படி 240 போச்சு?" என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "ஸ்கூல்ல இருந்து வந்ததும் நம்பரை அப்புறம் கேளும்மா. முதல்ல நான் எப்படி இருக்கேன்னு கேளு."

நான் அவளைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு மருத்துவரோடும் அவளோடும் உட்கார்ந்து சில ஏற்பாடுகள் செய்தோம். அவள் அளவு 70க்குக் கீழே போனால் என் போன் உடனே ஒலிக்கும். மேலே என்றால், 250ஐத் தாண்டி ஒரு மணி நேரம் நீடித்தால் மட்டும். இவை அவளுக்காக வைத்த அளவுகள், இன்னொரு குழந்தைக்கு வேறாக இருக்கும். லோ ஆனால் முதலில் பார்ப்பது அவள். குளுக்கோஸ் மாத்திரை சாப்பிட்டுக் கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். ஆசிரியை அருகில் இருப்பார். இருபது நிமிடமாகியும் ஏறவில்லை என்றால்தான் நான் அழைப்பேன். அந்த இருபது நிமிடம் எனக்கு இன்றும் கஷ்டம்தான்.

போன மாதம் அவள் இன்னொன்று கேட்டாள். "நான் பெரியவளானதும், நீ பார்க்கிறதை நிறுத்த முடியுமா?" முடியும். அளவைப் பகிரும் அழைப்பு அவள் போனிலிருந்துதான் வந்தது. அங்கிருந்தே நீக்கவும் முடியும். முடியும் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனால் சொன்னேன், எப்படி என்று திரையில் காட்டியும் கொடுத்தேன். அவள் உடம்பு, அவள் கணக்கு. எந்த வயதில், எந்தெந்த அளவை மட்டும் என்பதையெல்லாம் இனி இருவரும் பேசிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

சென்ற சனிக்கிழமை முதல் முறையாக மாமா வீட்டில் தனியாகத் தங்கினாள். மீட்டர், ஸ்ட்ரிப், மாத்திரை, அவசரத்துக்குச் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்து எல்லாம் அவளே எடுத்து வைத்தாள். இரவு பத்தரைக்கு என் போன் ஒலித்தது. 68, சாய்ந்த அம்பு. தம்பியை அழைக்கக் கை போனது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது நிமிடம் ஒரு குறுஞ்செய்தி.

"பாத்துட்டேன். மாத்திரை போட்டாச்சு. நீ தூங்கு."

10.50க்கு 91, அம்பு நேராக.